பிங்கன்ல நீயும்தான் இருந்த

நாளையோட மூணு வருஷம். பேரு போடல, போட்டா நீயே திட்டுவ.

ஜெர்மனில ரைன் நதிக்கரைல நாம சுத்தினதைப் பத்தி நான் எழுதின அந்த போஸ்ட்டை நேத்து ராத்திரி திரும்பப் படிச்சேன். உக்காந்தேன், இறங்கினேன், நடந்தேன்னு முழுக்க நான் நான்தான். போட்டோ எல்லாம் நீ எடுத்தது, அதுக்கு ஒரு வரி நன்றி கூட இல்ல.

பிங்கன் கரைல நிக்கிறோம், எதிர்ல தண்ணி நடுவுல எலிக் கோபுரம், நான் பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோவோட ரைன் பயண புக்கைப் பத்தி அளந்துட்டு இருக்கேன். சின்ன வயசுல அவர் கட்டிலுக்கு மேல ஒரு ஜெர்மன் வேலைக்காரம்மா மாட்டின படத்துல இருந்தது இந்தக் கோபுரம்தான்னு ஆரம்பிச்சு, பஞ்சத்துல ஏழைங்கள கொளுத்தின பிஷப் ஹட்டோவ எலிங்க துரத்தி வந்து தின்ன கதை வரைக்கும் போயி, 1840ல காதலி ஜூலியட் த்ரூவேயோடதான் இங்க வந்தாரு, ஆனா 1842ல புக்கு வந்தப்போ தனியா சுத்தின மாதிரி, நண்பருக்கு எழுதின கடிதங்கள்னு போட்டுட்டாரு, அதுல பல கடிதம் உண்மைல பொண்டாட்டி அடேலுக்குப் போனதுன்னு சொல்லி சிரிச்சேன். நீ சிரிக்கல. லென்ஸ் மூடியத் தேடிக்கிட்டே "அப்போ அந்தம்மா எங்க நின்னுட்டு இருந்தாங்க?"ன்னு கேட்ட.

அவரோட கையெழுத்துப் பிரதிகளை நகல் எடுத்துக் குடுத்ததே ஜூலியட்தான்னு எனக்கு அன்னிக்கே தெரியும். சொல்லல.

மன்னிச்சிடு. ஆனா அம்மா, பெரியப்பா, ஆபீஸ்ல பாதிப் பேரு படிக்கிற இடம்பா இது. (இப்பவும் படிக்கிறாங்க. நம்ம விஷயம் ஹ்யூகோ கதை மாதிரி இல்ல, யாரும் கற்பனை பண்ணிக்க வேண்டாம்.) பாரு, இதை மட்டும் எவ்ளோ அவசரமா சொல்றேன். சரி, நீ மட்டும் என்னவாம்? காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரோட போறேன்னுதானே வீட்டுல சொன்ன, வீடியோ கால் வந்தா தள்ளிப் போன்னு எனக்கு சைகை காட்டுவ. அதை நான் எங்கயாவது எழுதினேனா?

அன்னிக்கு குளிருதுன்னு உன் கிளவுஸ்ல ஒண்ணை எனக்குக் குடுத்துட்டு வெறும் கையோட கேமராவைப் பிடிச்சிட்டு இருந்த.

புக்கோட கடைசில ஹ்யூகோ ரைனோட இடது கரையை பிரான்ஸுக்குத் திருப்பிக் குடுங்கன்னு கேப்பாரு. நதிக்கரையே கேக்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு ஒரு "நாங்க" எழுத வரல.

இன்னிக்கு போஸ்ட்டைத் திருத்திட்டேன். ரூடெஸ்ஹைம் படகுத்துறைல "தனியா உக்காந்திருந்தேன்"ங்கிற இடத்துல மட்டும் கை வைக்கல. அப்போ நீ கோவிச்சுக்கிட்டு எழுந்து போயிட்ட, அரை மணி நேரம் நான் நிஜமாவே தனியாத்தான் இருந்தேன்.