பையில் கல், வாரணவாசிப் பயணம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் புத்தகப் பையைச் சமீபத்தில் தூக்கிப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். உள்ளே கல். ஓடையில் பொறுக்கியது, குளம் வெட்டிய மண்ணில் கிடைத்தது என்று உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து மேஜையில் வைத்து "சார், டைனோசர் முட்டை" என்கிறார்கள். ஒன்றிரண்டு பூஜை அறைக்கே போய்விட்டதாகவும் கேள்வி, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் உள்ளே குட்டி இருக்கிறதா என்று சுத்தியலால் போட்டு உடைப்பதும், வெளியூர்க்காரர் யாராவது காசு கொடுத்தால் விற்றுவிடுவதும் நடக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

2020 அக்டோபரில் நம் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் குளம் தோண்டும்போது உருண்டைகள் கிளம்பி, ஊரே திரண்டு போய்ப் பார்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். விவரம் தெரிந்தவர்கள் வந்து பார்த்துவிட்டு, இது முட்டை இல்லை, அம்மோனைட் படிவு என்றார்கள். அம்மோனைட் என்பது கணவாய்க்கு உறவான, சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த கடல் உயிரி. செத்து அடியில் விழுந்த ஓட்டைச் சுற்றித் தாதுக்கள் இறுகி இறுகிக் கல் பந்தாகிவிடும். நம் வட்டாரத்தின் பெரும்பகுதி டைனோசர் காலத்தில் கடலாக இருந்தது, டைனோசரோ நிலத்துப் பிராணி, முட்டையிடக் கடலுக்குள் ஏன் போகப்போகிறது?

சரி, அந்தக் கடலில் ஊர்வனவே இல்லையா என்றால், இருந்தன. இக்தியோசார் என்று ஒன்று. உடம்பு மீன் போல, ஆனால் நுரையீரலால் மூச்சு விடும். டைனோசர் இனமும் இல்லை. ஜெர்மனியின் ஹோல்ஸ்மாடனில் வயிற்றுக்குள் குட்டிகளோடு கல்லாகிப்போன இக்தியோசார்கள் கிடைத்திருக்கின்றன, அதாவது குட்டி போட்ட இனம், அதனிடமும் முட்டை எதிர்பார்க்க முடியாது! அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் கிடைத்த முதுகெலும்புகளை வைத்து லைடெக்கர் என்பவர் 1879லேயே ஓர் இக்தியோசாரை விவரித்திருக்கிறார். அந்த எலும்பு இரண்டு பக்கமும் குழிந்த தடித்த வட்டாக இருக்கும், வேறு துண்டு ஏதாவது கிடைத்து அதன் அடிப்பகுதியில் நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளம் ஓடினால் அது பல்லாக இருக்கலாம். காரை கிராமத்துப் பக்கச் செம்மண் ஓடைகளில் பிள்ளைகள் பார்க்க வேண்டியது இந்த மாதிரிச் சங்கதிகளை, பந்துகளை அல்ல.

நிலத்து டைனோசருக்கு அரியலூர் மாவட்டத்துக் கல்லமேடு போக வேண்டும். அங்கே கிடைத்த எலும்புகளை வைத்து யாதகிரி, அய்யாசாமி என்ற இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவன ஆய்வாளர்கள் 1987ல் புருஹத்காயோசாரஸ் என்ற டைனோசரை அறிவித்தார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம், வகுப்பறைக் கதவு உயரம். முதலில் மாமிசம் தின்னும் இனம் என்று நினைத்தார்கள், பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்றார்கள், உலகத்திலேயே மிகப்பெரிய நிலப்பிராணிகளில் ஒன்றாக இருக்கலாம் என்றும் பேசப்படுகிறது. ஆனால் எடுத்துக் காட்ட இன்றைக்கு அந்த எலும்பு இல்லை. மண்ணிலிருந்து எடுக்கும்போதே நொறுங்க ஆரம்பித்துவிட்டது. கையில் வெறும் படம்தான் என்பதால், அது எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. களத்தில் எடுத்த பழைய புகைப்படங்கள் 2022ல் வெளியான பிறகுதான் எலும்பு என்று நம்ப வழி பிறந்தது. சுத்தியலோடு அலையும் பிள்ளைகளுக்கு நான் இந்தக் கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அதே கல்லமேட்டில் ரொம்பச் சின்னதாகக் கிடைத்தவைதான் எனக்குப் பிடித்தவை. 1996ல் ஒரு டைனோசர் முட்டை ஓட்டின் துணுக்கைப் பதிவு செய்தார்கள், முழு முட்டை இல்லை, ஒரு சில்லு. நிஜ முட்டை ஓட்டில் குஞ்சு மூச்சு விட நுண்துளைகள் இருக்கும், படிகங்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கும், நுண்ணோக்கியில் வைத்தால் தெரிந்துவிடும், உருண்டை வடிவத்தை வைத்துச் சொல்லவே முடியாது. அப்புறம் 2013ல் ஒரே ஒரு பல்லைக் கொண்டு ட்ரூடோன்டிட் என்ற, பறவைகளுக்கு நெருங்கிய டைனோசர் இங்கே இருந்ததை எழுதினார்கள். அதுவரை அந்த இனம் வடக்குக் கண்டங்களில்தான் தெரிந்திருந்தது, இந்தியாவோ அப்போது கடலில் தனியாக நகர்ந்துகொண்டிருந்த நிலம். அது எப்படி இங்கே வந்தது என்று இன்னும் யோசிக்க வைக்கிற பல். அந்தப் பல் எந்த ஊரில், எந்த மண் அடுக்கில் கிடைத்தது என்று தெரிந்ததால்தான் இவ்வளவும் சொல்ல முடிந்தது. மேஜை டிராயரில் உருண்டுகொண்டிருந்தால் அது வெறும் பல்.

ஆகவே, பிள்ளைகள் எதையாவது பார்த்தால் எடுக்க வேண்டாம், உடைக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து ஃபோனில் படம் எடுத்து, எந்த ஓடை, யார் வயல் ஓரம் என்று எழுதி அறிவியல் ஆசிரியரிடம் கொடுத்தால் போதும். முன்பே வீட்டுக்கு வந்துவிட்ட கற்களையும், கிடைத்த இடத்தை ஒரு சீட்டில் எழுதிப் பள்ளிக்கு அனுப்புங்கள். யாரும் திட்டமாட்டோம். காசு கொடுத்து வாங்க வருகிறவர்களை மட்டும் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வரும் சனிக்கிழமை இரு வகுப்புகளையும் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும், பிறகு சாத்தனூர்க் கல்மரத்துக்கும் கூட்டிப்போகிறோம். கல்மரம் 18 மீட்டர் நீளம், அதன் மேல் யாரையும் ஏற விடமாட்டோம், இப்போதே சொல்லிவையுங்கள். ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு வியாழனுக்குள் அனுப்பவும். தொப்பி, தண்ணீர், கட்டுச்சோறு, செருப்புக்குப் பதில் ஷூ. சுத்தியல் இருக்கிறதா என்று பேருந்தில் ஏறும்போது பையைத் திறந்து பார்ப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்