குடம் கணக்கில் உண்டு, அடுப்படி கிடையாதா?

ஆசிரியருக்கு வணக்கம். ஜிடிபி (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு), வளர்ச்சி என்று பக்கம் பக்கமாக வருகிறதே, அந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. இந்தக் கணக்குக்கு நாடுகள் வழிகாட்டியாக வைத்துக்கொள்ளும் ஐ.நா.வின் தேசியக் கணக்கு முறையை 1993-இல் திருத்தியபோது, ஒரு பெண் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து வந்தால் அதுவும் உற்பத்தி என்று ஒத்துக்கொண்டார்கள், சரி, நல்லது. ஆனால் குடத்தை இறக்கி வைத்து, அதே தண்ணீரில் சமைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, படுக்கையில் கிடக்கும் மாமியாரின் துணியை அலசிப் போட்டால் அது உற்பத்தி இல்லையாம். வாசற்படிதான் எல்லை போலிருக்கிறது! அதையே கூலிக்கு ஆள் வைத்துச் செய்தால் கணக்கில் ஏறிவிடும்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2018 அறிக்கைப்படி, 64 நாடுகளில் தினமும் 1,640 கோடி மணி நேரம் இப்படிச் சம்பளமில்லாமல் போகிறது. முக்கால் பங்கு பெண்களுடையது.

கடனில் தத்தளிக்கும் ஓர் அரசு, ஆஸ்பத்திரிச் செலவில் கைவைத்தால் நோயாளியைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், செலவு மிச்சம் என்றும் எழுதிக்கொள்கிறார்கள். அப்புறம் ராத்திரி கண்விழிப்பது யார்? பெரும்பாலும் வேலையை விட்டுவிட்டு வந்த மகளோ மருமகளோதான். அவள் இழந்த கூலியை எந்த பட்ஜெட்டிலும் நான் பார்த்ததில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி