சாலைப் பக்கக் கேட்டைத் திறந்து விடுங்கள்: வளாக நிர்வாகத்துக்கு ஓர் உணவகக்காரரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய வளாக நிர்வாகத்தினருக்கும் குடியிருப்போர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையோரம் இருக்கிற நம் அடுக்குமாடி வளாகத்தில், இரண்டாம் எண் கடையில் இருந்த பிரியாணிக் கடை சென்ற வாரம் ஷட்டரை இறக்கிவிட்டது. சாவியை வாங்கிக்கொண்டது நீங்கள்தான் என்பதால் விவரம் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன் அதே இடத்தில் ஒரு சைனீஸ் கடை, அதற்கும் முன் ஒரு காபி ஷாப். இவர்கள் எல்லாம் ஏன் போனார்கள் என்று ஒரு வார்த்தை கேட்பீர்கள் என எதிர்பார்த்தோம். வந்தது சுற்றறிக்கை. கடைகளுக்கு வருகிற வெளியாட்களும் பார்வையாளர் செயலியில் பதிந்தால்தான் உள்ளே விடப்படுவார்கள் என்கிற நடைமுறை இனி நிரந்தரமாம். ஏற்கெனவே பூட்டிக் கிடக்கிற சாலைப் பக்கக் கேட்டும் பாதுகாப்புக் கருதி இனித் திறக்கப்படாதாம்.

இது பற்றித் தனியாகக் கொடுத்த மனுக்களுக்குப் பதில் இல்லை. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: அந்தக் கேட்டைத் திறந்து விடுங்கள். காலை டிபன் நேரத்திலிருந்து இரவுக் கடை அடைக்கும் வரை, கடைகளுக்கு வருகிறவர்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல் வந்து போக வழி விடுங்கள்.

பூட்டிய கேட் என்ன செய்கிறது என்பதற்கு, போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பகல் ஒரு மணி இருக்கும். சாதம் வடித்து, சாம்பார், கூட்டு, வெண்டைக்காய்ப் பொரியல் எல்லாம் தயார். பக்கத்து ஆஸ்பத்திரியில் மனைவியைக் காட்டிவிட்டு ஆட்டோவில் திரும்பிய பெரியவர் ஒருவர், காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தெரிந்த எங்கள் போர்டைப் பார்த்து இறங்கியிருக்கிறார். அந்தக் கேட் பூட்டு. சுற்றிக்கொண்டு மெயின் கேட்டுக்குப் போனால், "எந்த பிளாட்டுக்கு சார்?" என்று கேட்டிருக்கிறார் செக்யூரிட்டி. "பிளாட்டுக்கு இல்லப்பா, ஓட்டலுக்கு" என்றிருக்கிறார் பெரியவர். செயலியில் பிளாட் எண் போட்டு, அந்த வீட்டுக்காரர் போனில் சரி என்று அழுத்தினால்தான் தடுப்பு மேலே போகும். ஓட்டலுக்கு ஏது பிளாட் எண்? போர்டில் இருந்த நம்பருக்கு அவர் போன் செய்தார். கல்லாவைப் பையனிடம் விட்டுவிட்டு ஓடினேன். மூன்று டவரைத் தாண்டி நான் போய்ச் சேருவதற்குள் அந்த அம்மாவால் வெயிலில் நிற்க முடியவில்லை. ஆட்டோ கிளம்பிவிட்டது.

செக்யூரிட்டித் தம்பியை நான் குறை சொல்லவில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்டில் நிற்கிறவர் அவர். உத்தரவை மீறினால் வேலை போகும். பசித்து வந்தவர்களை வாசலில் நிறுத்துவதற்கென்றே ஓர் உத்தரவு இருப்பதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை. அன்று மதியச் சாதத்தில் பாதி மிஞ்சியது. எங்களுக்கு அது வாடிக்கையாகிவிட்டது.

போன கூட்டத்தில் ஒரு பொறுப்பாளர், "அந்த பிளாக் ராசியில்லாத இடம், வாஸ்து பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். ஐயா, சுவருக்கு வெளியே, எங்கள் சமையலறையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், தள்ளுவண்டியில் இட்லி விற்கிற அக்காவுக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல் மாவு இருப்பதில்லை. கேப் ஓட்டுகிறவர்கள், நைட் ஷிப்ட் பிள்ளைகள், மெட்ரோ வேலைக்கு வந்திருக்கிற வடக்கத்தித் தொழிலாளர்கள் எல்லாரும் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அதே ஊர், அதே நேரம், அதே பசி. உட்கார நாற்காலியும் கைகழுவ இடமும் வைத்துக் காத்திருக்கிற எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் உங்கள் சுவர்தான் இருக்கிறது.

நான் தொழில் கற்றது திருவல்லிக்கேணியில். 1948-இல் தொடங்கிய ரத்னா கபே இன்றும் அங்கே சாம்பார் இட்லிக்குக் கூட்டம் சேர்க்கிறது என்றால், சாம்பார் ருசி மட்டும் காரணமில்லை. காலையில் பார்த்தசாரதி கோயிலுக்கு வந்தவர்கள், பத்து மணிக்கு மேன்ஷன் ஆட்கள், மதியம் கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும், சாயங்காலம் கடற்கரைக்கு நடப்பவர்கள், சேப்பாக்கத்தில் மேட்ச் இருந்தால் அந்தக் கூட்டம் தனி. ஒரு கூட்டம் எழுந்ததும் அடுத்த கூட்டம் அதே நாற்காலியில் உட்காரும். ஒரே வாடகைக்கு ஒரு நாளில் நாலைந்து வியாபாரம் நடக்கிறது. மயிலாப்பூர் மாட வீதிகளிலும் அப்படித்தான். அங்கே சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் சாப்பிடுவதற்கென்று வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் அல்லர். வேறு வேலையாக வந்தார்கள், வாசனை பிடித்தது, நுழைந்தார்கள். நகரத்தின் நடுவிலும் கடைகள் மூடத்தான் செய்கின்றன. தி. நகர் வாடகையைக் கட்ட முடியாமல் போனவர்களை எனக்கே தெரியும். ஆனால் அங்கே ஒருவர் தோற்றால் அடுத்தவர் அதே இடத்தில் ஜெயிக்க வழியிருக்கிறது. ஆள் நடமாட்டம் அப்படியே இருக்கும்.

எங்கள் வளாகத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை பகலில் நடமாடுவது பள்ளி வேன்களும் தண்ணீர் லாரிகளும்தான். 2020-க்குப் பிறகு பல கம்பெனிகளில் வாரத்தில் மூன்று நாள், நாலு நாள் வந்தால் போதும் என்றாகிவிட்டது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களும் கீழே இறங்கி வருவதில்லை. துரைப்பாக்கத்துக் கடைகளிலிருந்து உணவு டெலிவரி செயலியில் தருவித்துக்கொள்கிறார்கள். எங்களிடமே செயலி வழியாக வாங்கினாலும் கால் பங்கு வரை கமிஷனில் போய்விடுகிறது. மிச்சம் இருப்பது சனி, ஞாயிறு இரவு. அந்த இரண்டு இரவு வியாபாரத்தை வைத்து முப்பது நாள் சம்பளமும் வாடகையும் கொடுக்க எந்த மாஸ்டராலும் முடியாது, எவ்வளவு கைப்பக்குவம் இருந்தாலும்.

புறநகர் என்றாலே ஓட்டல் ஓடாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1981-இல் சரவண பவன் தொடங்கியது கே.கே. நகரில். அன்று அது நகரத்தின் ஓரம். நல்ல சாப்பாட்டுக்குத் தி. நகர் போக வேண்டியிருந்த காலம். அங்கே ஓடியது ஏன்? கே.கே. நகர் வீட்டுவசதி வாரியம் உருவாக்கிய புதுக் குடியிருப்புதான், ஆனால் தெருக்கள் எல்லாருக்கும் பொது. பஸ் வந்தது, பஸ்ஸில் வந்தவர் இறங்கி நடந்தார், கடை கண்ணில் பட்டது. சாப்பிட வந்தவரை எந்த வீட்டுக்கு என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

வாடகை பற்றியும் சொல்லியாக வேண்டும். சாலையைப் பார்த்த கடைக்கு உண்டான சதுர அடி விலையை, உள்ளே திரும்பி நிற்கிற கடைக்கு வாங்குகிறீர்கள். அதற்கு மேல் பராமரிப்புக் கட்டணம், ஜெனரேட்டர் கட்டணம். எல்லாவற்றுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி. துணிக்கடைக்காரர் வாடகைக்குக் கட்டிய வரியைத் தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம். உணவகத்துக்கு அது கிடையாது. 2017 நவம்பரிலிருந்து எங்களைப் போன்ற ஓட்டல்கள் 5 சதவீதம் வாங்கிக் கட்டுகின்றன, உள்ளீட்டு வரி வரவு இல்லை. வாடகை ஒரு லட்சம் என்றால் எங்களுக்கு அது உண்மையில் 1,18,000. விற்பனையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாடகை போனால் கடை நிற்காது என்பது தொழிலில் எல்லாரும் சொல்லும் கணக்கு. இங்கே மூடிய கடைகளின் கணக்கு நோட்டைப் பாருங்கள், பாதி வாடகைக்கே போயிருக்கும். லாக்-இன், அதாவது காலி செய்யக் கூடாது என்று ஒப்பந்தத்தில் போட்ட காலம், முடியும்வரை வெளியேறவும் முடியாது. முன்கூட்டிப் போனால் அட்வான்ஸ் போச்சு. பிரியாணிக் கடைத் தம்பி அடுப்பையும் டேபிளையும் விற்றுத்தான் ஆட்களுக்குக் கடைசி மாதச் சம்பளம் கொடுத்தார். அந்த ஷட்டரில் நீங்கள் ஒட்டியிருக்கிற "வாடகைக்கு" நோட்டீஸில் போன முறையை விடக் கூடுதல் வாடகை. அடுத்து வருகிறவரும் ஒரு குடும்பத்தின் நகையை அடகு வைத்துத்தான் வருவார். அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

இந்தச் சாலையில் ஓட்டல் நடத்துவதே ஒரு பாடு என்பது வேறு கதை. தண்ணீர் லாரிக்குத் தினமும் காசு. கோயம்பேட்டிலிருந்து காய்கறி வந்து சேர முப்பது கிலோமீட்டர். இரவு கடை கட்டி, பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் பஸ் நின்றுவிடும். ஆட்களுக்கு ரூம் பிடித்துக் கொடுத்தால்தான் வேலைக்கு வருவார்கள், இங்கே அவர்களுக்கு ரூம் கொடுக்க யாரும் தயாரில்லை. பெரிய பெரிய டவர்கள் கட்ட அனுமதி கொடுத்தவர்கள் அதில் சமைப்பவனும் பாத்திரம் தேய்ப்பவனும் எங்கே படுப்பான் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. இதெல்லாம் உங்கள் கையில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். கேட் உங்கள் கையில் இருக்கிறது.

2023 அக்டோபரில் நாவலூர் சுங்கச்சாவடியில் வசூல் நின்றபோது நாங்கள் சந்தோஷப்பட்டோம். கேளம்பாக்கம் பக்கத்திலிருந்து சாப்பிட வருகிறவர்கள் இனி சுங்கம் கட்ட வேண்டாம் என்று. அரசாங்கம் நீக்கிய தடையை நம் வாசலில் நீங்கள் வைத்துவிட்டீர்கள். சிறுசேரி வரை மெட்ரோ ஓடத் தொடங்கினால் இந்தச் சுவரை ஒட்டித்தான் ஜனங்கள் நடக்கப் போகிறார்கள். அன்றைக்கும் கேட் பூட்டியிருந்தால் யாருக்கு என்ன லாபம்?

குழந்தைகள் விளையாடும் இடம், வயதானவர்கள் நடக்கும் இடம், வெளியாட்கள் வரக்கூடாது என்று குடியிருப்பவர்கள் பயப்படுவதில் நியாயம் உண்டு. அந்தப் பயத்தைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் கடை பிளாக் சாலை ஓரமாகத்தான் இருக்கிறது. கடைகளுக்கும் டவர்களுக்கும் நடுவில் ஒரு கம்பித் தடுப்பு போட்டு, அதில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் கார்டு வைத்துத் திறக்கிற சின்னக் கேட் வைத்தால் வேலை முடிந்தது. அந்தத் தடுப்புக்கான செலவிலும், அங்கே நிற்கும் செக்யூரிட்டியின் சம்பளத்திலும் எங்கள் பங்கைக் கொடுக்கக் கடைக்காரர்கள் எல்லாரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். கடிதம் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

வரும் பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து, எங்களில் ஒருவரைப் பேச அனுமதிக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை சுற்றறிக்கையை நிறுத்தி வையுங்கள். சாலைப் பக்கக் கேட்டைத் திறந்து விடுங்கள். இரண்டாம் எண் கடைக்குப் புதிதாக யாரிடமும் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
நான்காம் எண் கடையில் உணவகம் நடத்துபவர்