உறவுமுறை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தன்பாலீர்ப்பு இணையரின் திருமண உரிமை பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் கடிதம் எழுதியிருந்த வாசகர் ஒருவர், உச்ச நீதிமன்றமே முடியாது என்று சொல்லிவிட்ட பிறகு இதில் பேச இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தார். முப்பத்தோரு ஆண்டுகள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு, ஊராருக்குக் கிரயம், பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட், உயில் என்று எழுதிக் கொடுத்த ஆவண எழுத்தன் என்ற முறையில், பேச நிறையவே இருக்கிறது என்று கருதுகிறேன்.

திருமணம் செய்துகொள்வது அரசமைப்புச் சட்டம் தரும் அடிப்படை உரிமை அன்று என்று 2023 அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகச் சொன்னது உண்மைதான். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் ஆண், பெண் என்று இருப்பதை நீதிமன்றம் மாற்றி வாசிக்க இயலாது, அது சட்டம் இயற்றுவோரின் வேலை என்றும் அந்த அமர்வு கூறியது. தன்பாலீர்ப்பு இணையரின் இணைவுக்குத் திருமணம் என்ற பெயர் இல்லாவிட்டாலும் ஓர் அங்கீகாரமாவது வேண்டும் என்று அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கௌலும் எழுதினார்கள். மற்ற மூவர் அதை ஏற்கவில்லை. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டன. ஆகவே நீதிமன்றத்தின் கதவு இப்போதைக்குச் சாத்தப்பட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். சாத்தியவர்களே சட்டமன்றம் இருக்கும் திசையைக் கைகாட்டியிருக்கிறார்கள் என்பதை மட்டும் நண்பர் குறிப்பிட மறந்துவிட்டார்.

அந்தத் திசையில் தமிழ்நாடு ஏற்கெனவே ஒரு முறை நடந்திருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள சுக்கிலநத்தத்தில் 1928-ல் பெரியார் முன்னின்று நடத்திய திருமணத்தையே முதல் சுயமரியாதைத் திருமணம் என்பார்கள். அதன் பிறகு ஆயிரக்கணக்கானோர் புரோகிதரும் ஓமமும் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டு குடும்பம் நடத்தினார்கள். ஐம்பதுகளின் தொடக்கத்தில் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. என் பெற்றோரின் திருமணம் 1956-ல் அந்த முறையில்தான் நடந்தது. நான் சிறுவனாக இருந்தபோது நிலத்தகராறு ஒன்றில் என் பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "சட்டப்படி அவ உனக்குப் பொண்டாட்டியே இல்ல" என்று என் தந்தையைப் பார்த்துச் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. வருந்தத்தக்க செய்தி என்னவென்றால், சட்டப்படி அவர் சொன்னது சரி. 1967-ல் அண்ணாவின் அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ என்ற பிரிவைச் சேர்த்து, அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் செல்லுபடியாக்கிய பிறகே என் தாய் சட்டத்தின் பார்வையில் மனைவியானார். அந்தப் பதினோரு ஆண்டுகளில் அவர் சமைத்த சோற்றிலோ வளர்த்த பிள்ளைகளிலோ ஒரு மாற்றமும் இல்லை. (அந்தப் பிரிவு "எந்த இரு இந்துக்களுக்கும்" இடையிலான திருமணம் என்றுதான் தொடங்குகிறது, கணவன், மனைவி என்ற சொற்கள் பிறகு வருவதால் தன்பாலீர்ப்பு இணையருக்கு அந்த வழி அடைபடுகிறது.)

திருமணம் எதற்கு, உயில் எழுதினால் போதாதா என்றும் நண்பர் கேட்கிறார். என் தொழில் சார்ந்த கேள்வி என்பதால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகலில் ஐம்பது வயதையொட்டிய இரு பெண்கள் என் மேசைக்கு வந்தார்கள். ஒருவர் பள்ளி ஆசிரியை, மற்றவர் தையல் கடை வைத்திருப்பவர். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். வீடு ஆசிரியையின் பெயரில் இருந்தது. தம் காலத்துக்குப் பிறகு அது மற்றவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்றார். பத்திரத்தில் யாருடைய பெயரை எழுதினாலும் அதன் அருகே தந்தை பெயரோ கணவர் பெயரோ எழுதுவதும், எழுதிக் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் உள்ள உறவைக் குறிப்பிடுவதும் வழக்கம். என்ன உறவு என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "கூட இருக்காங்க சார், அப்படியே எழுதிக்கோங்க" என்றார் ஆசிரியை.

அந்தச் சொத்தின் வழிகாட்டி மதிப்பு, அதாவது பதிவுக்காக அரசு நிர்ணயித்த மதிப்பு, பதினெட்டு லட்சம் ரூபாய். கணவர், மனைவி, பிள்ளைகள், பெற்றோர் போன்ற குடும்ப உறுப்பினருக்குத் தான செட்டில்மெண்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் கொடுத்துவிடும் பத்திரம், எழுதினால் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. குடும்பத்தைச் சேராதவருக்கு ஏழு சதவீதம். மனைவிக்கு எழுதும் ஒருவருக்கு 18,000 ரூபாய் ஆகும் இடத்தில் இந்த அம்மையாருக்கு 1,26,000 ரூபாய், பதிவுக் கட்டணம் தனி. அவ்வளவு பணம் இல்லாததால் உயிலாக எழுதிக்கொண்டு போனார்கள். "என்னுடன் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே இல்லத்தில் வசித்து என்னைப் பராமரித்து வருபவருமான" என்று நானாகவே ஒரு வரியைச் சேர்த்தேன். அந்த வரி சட்டப்படி எந்த உறவையும் உண்டாக்காது என்பது எனக்குத் தெரியும்.

வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கவும் இணையரை நாமினியாக நியமிக்கவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் விளக்கம் தந்ததையும், குடும்ப அட்டையில் இணையரை ஒரே வீட்டாராகக் கொள்ளலாம் என்று பிறகு அறிவிக்கப்பட்டதையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நாமினி என்பவர் பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவரே தவிர, அதற்கு உரிமையாளர் அல்லர் என்று ஆயுள் காப்பீட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1984-லேயே சொல்லிவிட்டது. வருங்கால வைப்பு நிதியிலோ, திட்டம் குறிப்பிடும் குடும்பம் இருக்கும் உறுப்பினர் அந்தக் குடும்பத்துக்கு வெளியே ஒருவரை நியமித்தால் அந்த நியமனமே செல்லாது. குடும்ப ஓய்வூதியம், கருணை அடிப்படையிலான வேலை, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் ஆகிய எதையும் உயிலால் வாங்கித் தர முடியாது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒப்புதல் படிவத்தை நீட்டுகிறவரிடம் உயிலைக் காட்டுவதில் பொருளில்லை. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அது வெறும் காகிதம்.

பண்பாடு கெட்டுவிடும் என்ற வாதத்தைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. என் பெற்றோரின் திருமணத்துக்கும் அதையேதான் சொன்னார்கள்.

இந்த விஷயத்தில் நம் உயர் நீதிமன்றம் பலருக்கு முன்னால் நடந்திருக்கிறது. தூத்துக்குடியில் கோயிலில் நடந்த ஒரு திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கில், மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019 ஏப்ரலில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். 2021-ல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இதில் போதிய புரிதல் இல்லை என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியல் ஆலோசகரிடம் தாமே சென்று கேட்டறிந்த பிறகு தீர்ப்பு எழுதினார். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் அப்படிச் சொல்லி நான் கண்டது அபூர்வம். 2023 நவம்பரில் அவரே, இத்தகைய இணையர் தங்களுக்குள் ஒரு குடும்ப இணைவுப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்ள அரசு வழிவகை காண வேண்டும் என்றார். பெற்ற வீட்டாரால் தடுத்து வைக்கப்பட்ட ஓர் இளம்பெண்ணின் வழக்கில், குடும்பம் அமைய திருமணம் ஒன்றே வழியன்று என்று 2025 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு கூறியது. இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பத்திரத்தைப் பதிவு செய்ய ஒரு விதி வரவில்லை.

பிரான்ஸ் நாட்டில் 1999 முதல் இதையொத்த ஒப்பந்தப் பதிவு நடைமுறையில் இருக்கிறது. ஆணும் பெண்ணுமாக வாழ்பவர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். நேபாளத்தில் 2023 நவம்பரில் இத்தகைய திருமணம் ஒன்று பதிவாயிற்று, தாய்லாந்தில் 2025 ஜனவரியில் முழுத் திருமணச் சட்டமே நடைமுறைக்கு வந்தது. அவ்வளவு தூரம் போகத் தமிழ்நாடு டெல்லியைக் கேட்க வேண்டியிருக்கலாம். ஆனால் திருமணமும் வாரிசுரிமையும், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருப்பவை. 1967-ல் நாம் திருத்தியது மத்தியச் சட்டத்தைத்தான், குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. முத்திரைத் தீர்வை விகிதமோ மாநிலத்தின் கையிலேயே இருக்கிறது. குடும்ப இணைவுப் பத்திரத்துக்கு ஒரு படிவமும் பதிவேடும் ஏற்படுத்துவது, அதைப் பதிவு செய்தவர்களைத் தீர்வைச் சலுகைக்கான "குடும்பம்" என்ற வரையறையில் சேர்ப்பது, அரசு மருத்துவமனைகளின் ஒப்புதல் படிவத்தில் அவர்களையும் ஏற்பது ஆகிய மூன்றையும் பதிவுத் துறையும் சுகாதாரத் துறையும் மனம் வைத்தால் ஓராண்டில் முடித்துவிடலாம். திருமண உரிமைக்கு இது ஈடாகாது. அந்தக் கோரிக்கையைக் கைவிடச் சொல்லவும் நான் வரவில்லை. என் மேசைக்கு வந்தவர்களைப் போன்றோருக்குக் காத்திருக்க வயதில்லை என்பதால் இதைச் சொல்கிறேன்.

அந்த ஆசிரியை சென்ற ஆண்டு காலமானார். திருமணமாகாத பெண்ணாகச் சட்டம் அவரைக் கருதுவதாலும் பெற்றோர் முன்பே இறந்துவிட்டதாலும் தம்பிகள் இருவர் தாங்களே வாரிசுகள் என்றும், உயில் ஏமாற்றி எழுதி வாங்கப்பட்டது என்றும் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். பத்திரத்தை எழுதியவன் என்ற முறையில் அடுத்த வாய்தாவுக்கு எனக்குச் சாட்சி சம்மன் வந்திருக்கிறது. இருவருக்கும் என்ன உறவு என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நிச்சயம் கேட்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆவண எழுத்தர்,
விருதுநகர் மாவட்டம்.