பிப்ரவரிக்கு 31 நாள்

அன்புள்ள நண்பா,

உன் கன்டெய்னர் போன வியாழக்கிழமை டர்பன் துறைமுகத்தில் இறங்கிவிட்டது. பேப்பர் எல்லாம் சரியாக இருக்கிறது, லாரி கிடைத்ததும் ஜோகன்னஸ்பர்க் பக்கம் உங்கள் லெனேசியாவுக்கு அனுப்பிவிடுகிறேன். போனில் நீ என் மேல் எரிந்து விழுந்ததில் எனக்கு வருத்தமே இல்லை, தீபாவளிக்கு விற்க வேண்டிய விளக்கு கார்த்திகை முடிந்து வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது. ஆனால் போனை வைக்கும்போது ‘அரசியல்வாதி எந்த ஊர்லதான் திருடல, விடுப்பா’ என்றாய் பார், அதுதான் நாலு நாளாக மனசில் கிடந்து உறுத்துகிறது.

உன் சரக்கு ரயிலில் போக வேண்டியது. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வரைக்கும் தண்டவாளம் இருக்கிறது, இழுக்கப் போதுமான இன்ஜின் இல்லை. 2014-ல் நம் தென்னாப்பிரிக்க அரசின் ரயில், துறைமுகக் கம்பெனியான டிரான்ஸ்நெட் 1,064 இன்ஜின்கள் வாங்க ஒப்பந்தம் போட்டது. 3,860 கோடி ராண்ட் என்று போட்ட கணக்கு 5,450 கோடியாக ஏறியது. அதில் சீனக் கம்பெனி ஒன்று தன் விலையில் ஐந்தில் ஒரு பங்கை இந்தியாவிலிருந்து வந்து இங்கே தொழில் நடத்திய குப்தா சகோதரர்களோடு தொடர்புள்ள கம்பெனிகளுக்குக் கமிஷனாக ஒதுக்கியது, அரசு ஊழலை விசாரித்த ஸோண்டோ ஆணையத்தில் வெளிவந்தது. அந்தக் குப்தாக்களின் தொழிலில் அப்போதைய அதிபர் ஜூமாவின் மகன் பங்காளியாக இருந்தார். அப்புறம் அதே சீனக் கம்பெனியோடு தகராறாகி உதிரி பாகம் நின்றுபோய், நூற்றுக்கணக்கான இன்ஜின்கள் ஓடாமல் நின்றன. ரயிலில் போக வேண்டிய கன்டெய்னர்கள் ரோட்டுக்கு வந்தன. துறைமுகத்துக்குப் போகும் பேஹெட் ரோட்டில் ஒரு நாள் காலை ஆபீஸ் போகும்போது, வரிசையில் நின்ற லாரியின் டிரைவர் ஒருவர் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் சின்ன அடுப்பு வைத்து சோளக் களி கிண்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் திரும்பும்போது அதே லாரி, அதே இடம். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். மேலே எங்கோ கைமாறிய கமிஷன் கடைசியில் அந்த மனிதனின் ஒரு நாள் கூலியில்தான் வந்து விழுகிறது.

சரி, எல்லாரும் ஒன்றுதான் என்றால் மெக்பீசி ஜோனாஸை எந்தக் கணக்கில் சேர்ப்பாய்? அவர் அப்போது துணை நிதியமைச்சர். 2015 அக்டோபரில் குப்தாக்களின் வீட்டில் நடந்த ஒரு சந்திப்பில் நிதியமைச்சர் பதவியும் 60 கோடி ராண்டும் தருவதாகச் சொன்னார்கள், வேண்டாம் என்று வந்துவிட்டேன் என்று ஆணையத்தில் சாட்சி சொன்னார். ஒன்றரை மாதத்தில், டிசம்பர் 9 அன்று, நிதியமைச்சராக இருந்த நெனேவை ஜூமா நீக்கினார். ராண்ட் சரிந்தது. நாலு நாளில் வேறு வழியில்லாமல் நம் டர்பன்காரர் பிரவின் கோர்தனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள், 2017-ல் அவரையும் தூக்கினார்கள். குப்தா என்ற ஒரு பெயரை வைத்து இங்குள்ள இந்திய வம்சாவளியினர் நம்மை எல்லாம் ஏசியவர்களிடம் நான் கோர்தன் பெயரைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன், உனக்கும் ஞாபகம் இருக்கும்.

இவர்களாவது பெரிய பதவியில் இருந்தவர்கள். பபிதா தியோகரன்? ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்தின் சுகாதாரத் துறையில் கணக்கு பார்த்த பெண். டெம்பிசா ஆஸ்பத்திரியிலிருந்து போன பணத்தில் 85 கோடி ராண்ட் வரைக்கும் சந்தேகம் இருக்கிறது, நிறுத்திவைத்து விசாரியுங்கள் என்று மேலே எழுதினார். மூன்றே வாரம்தான். 2021 ஆகஸ்ட் 23 காலை மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வீட்டு வாசலுக்கு வந்தவரைக் காரிலேயே சுட்டார்கள். ஆறு பேர் குற்றத்தை ஒத்துக்கொண்டு 2023-ல் ஜெயிலுக்குப் போனார்கள். ஏவிவிட்டவர் யாரும் அந்த வழக்கில் கூண்டில் ஏறவில்லை. எந்த ஊரில்தான் திருடலை என்று நாம் சொல்லும்போது அந்தப் பெண் செய்ததையும் சேர்த்துத்தான் ஒன்றுமில்லை என்கிறோம். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்றால், விஷயம் இப்போது வீட்டுக்குள் வந்துவிட்டது. மகள் போன வருஷம் ஒரு நகராட்சியில் கணக்குப் பிரிவில் சேர்ந்தாள் அல்லவா. போன மாதம் அவள் மேஜைக்கு ஒரு பில் வந்தது. குழாயில் தண்ணீர் வராத தெருக்களுக்குத் தண்ணீர் லாரி ஓட்டியதற்கு. கம்பெனி ஒரு கவுன்சிலரின் மச்சான் பெயரில். தினம் இத்தனை நடை என்று போட்டு, மொத்தம் 31 நாள். மாதம் பிப்ரவரி! ‘28 நாள்தானே’ என்று ஒரு சீட்டு எழுதிப் பின் குத்தித் திருப்பி அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து மத்தியானம் அவளோடு உட்கார்ந்து சாப்பிட ஆள் இல்லை.

இந்த வாரம் அதே பில் 28 நாளாகத் திருந்தி வந்திருக்கிறது. தொகை மட்டும் குறையவில்லை, நடை ஏறியிருக்கிறது. லாரி ஓடியதற்கு லாக் ஷீட் கேட்டால் யாரும் தர மாட்டேன் என்கிறார்கள். கையெழுத்துப் போடாமல் மேஜையிலேயே வைத்திருக்கிறாள். அவள் அம்மா வேலையை விட்டுவிடச் சொல்லி அழுகிறாள். எனக்கு விடு என்று சொல்லவும் வாய் வரவில்லை, இரு என்று சொல்லவும் வரவில்லை. ராத்திரி கார் சத்தம் கேட்டால் எழுந்து ஜன்னலில் பார்க்கிறேன்.

‘மாமாகிட்ட கேளுங்கப்பா, அவர் என்ன சொல்றாரோ பார்ப்போம்’ என்றாள். நீ அவளைச் சின்ன வயசிலிருந்து தூக்கி வளர்த்தவன். போனில் வேண்டாம், நிதானமாக யோசித்து அவளுக்கே ஒரு கடிதமாக எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். லாரி அநேகமாகச் செவ்வாய்க்கிழமை கிளம்பும்.

அன்புடன்,
உன் டர்பன் நண்பன்