காய்களுக்கும் ஒரு தணல்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு தானே செய்தித்தாள் படிக்கிறார் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் மனத்திலிருந்து பெரிய பாரம் இறங்கியது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எனக்கு உன்னைவிடச் சந்தோஷம். முதல் சம்பளம் வாங்கியதும் என்னிடம் பேசச் சொல். இங்கே எல்லோரும் நலம். அவர் பணி ஓய்வு பெற்றதிலிருந்து தோட்டமே கதி என்று இருக்கிறார். எனக்கும் பொழுது பறந்துவிடுகிறது.

முக்கியமான விஷயத்தைக் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் எழுதிவிட்டாய். அண்ணன் கரி போட்டுச் சுடும் கிரில் அடுப்பு ஒன்றை வாங்கிக் கொல்லைப்புறத்தில் வைத்திருக்கிறார். நண்பர்கள் வந்தால் இறைச்சி வேகிறது, ஊரே மணக்கிறது. சைவக்காரியான உனக்கு ஒரு குச்சியில் கருகிய குடைமிளகாயும் வேகாத வெங்காயமும்தான் கிடைக்கின்றன. ‘இந்த அடுப்பு நமக்கானது இல்லை போலிருக்கிறது’ என்று முடித்திருக்கிறாய். இதை மட்டும் நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தணலில் வெந்த காய்க்கு ஈடான ருசி வேறு எந்த அடுப்பிலும் வராது. உனக்குக் கிடைத்தது அந்த ருசியே இல்லை. இறைச்சிக்கு மூட்டிய தீயில், இறைச்சிக்குப் பார்க்கும் பக்குவத்தில் காயையும் போட்டால் அப்படித்தான் ஆகும்.

இறைச்சிக்குள் கொழுப்பு இருக்கிறது. சூடு பட்டதும் அது உருகித் தன்னைத்தானே நனைத்துக்கொள்கிறது. காயில் அது கிடையாது, அங்கே இருப்பது தண்ணீர். கத்தரிக்காயையும் குடைமிளகாயையும் காளானையும் எடுத்துக்கொண்டால் எடையில் ஏறத்தாழ 90 சதவீதம் தண்ணீர்தான். காயின் மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. நாம் ஆசைப்படும் பொன்னிறமும் மணமும் வேகமாக உண்டாவதோ 140 டிகிரிக்கு மேலே. புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் கொடுக்கும் அந்த வினையை 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் விவரித்தார். ஈரம் போகாத காயில் அந்த வினை வேகம் பிடிக்கவே பிடிக்காது. ஆகவே தணலில் காய் சுடுகிறவள் நெருப்பைக் கவனிப்பதைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். எதிலிருந்து தண்ணீரை வெளியேற்றுவது, எதற்குள் தண்ணீரைப் பூட்டி வைப்பது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கழுவிய காயைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடு. வெட்டியதும் உப்புப் போட்டு ஊறவைக்காதே. உப்பு உள்ளே இருக்கும் நீரை மேலே இழுத்துவிடும். காய் ஈரமாகித் தணலில் புழுங்கும். கம்பி வலைக்குப் போகும் நேரத்தில் உப்புத் தூவினால் போதும். எண்ணெயைக் கம்பியில் ஊற்றாமல் காயின் மேல் தடவு. காயில் கொழுப்பு இல்லாத குறையை எண்ணெய்தான் நிரப்புகிறது. கம்பிக்கும் காய்க்கும் நடுவே உள்ள இடைவெளிகளை அடைத்துச் சூட்டை எல்லா இடத்துக்கும் கடத்துகிறது. ஆனால் மெல்லிய பூச்சுதான், வழியக் கூடாது. சொட்டிய எண்ணெய் கங்கில் விழுந்தால் குப்பென்று தீ எழும்பும். அந்தச் சுவாலையின் புகைக்கரி காயில் படிந்தால் கசக்கும். உன் குடைமிளகாய்க்கு நேர்ந்தது அதுவாகத்தான் இருக்கும்.

தீ மூட்டுவதில் அவசரம் கூடாது என்று அண்ணனிடம் சொல். கரி செக்கச்செவேலென்று எரியும்போது சுடக் கூடாது. நீறு பூத்த நெருப்பு என்று சொல்கிறோமே, மேலே வெண்சாம்பல் படர்ந்து உள்ளே கனலும் அந்தப் பதம் வரும்வரை பொறுக்க வேண்டும். கரியின் அளவைப் பொறுத்துக் கால் மணி நேரமோ சற்றுக் கூடுதலாகவோ ஆகும். பற்றவைக்கத் திரவ எரிபொருள் வேண்டாம். அந்த வாடை இறைச்சியில் ஒருவேளை மறைந்துவிடும், காயில் அப்படியே நிற்கும். காகிதமும் சுள்ளியும் போதும். பெயின்ட் அடித்த மரத்துண்டுகளைத் தீயில் போடவே கூடாது.

தணல் தயாரானதும் முழுவதையும் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு மறுபக்கத்தைக் காலியாக விடு. இதுதான் எல்லாவற்றிலும் பெரிய வித்தை. தணலுக்கு நேர் மேலே நிறம் ஏறும், காலிப் பக்கத்தில் மூடி போட்டால் உள்ளே மெதுவாக வேகும். சூட்டை அளக்க உன் உள்ளங்கையே போதும். கம்பிக்கு மேல் 10 சென்டிமீட்டர் உயரத்தில் கையைக் காட்டு. இரண்டு மூன்று வினாடிக்குள் எடுக்க வேண்டியிருந்தால் கடும் சூடு. ஐந்தாறு வினாடி தாங்கினால் மிதமான சூடு. பெரும்பாலான காய்களுக்கு மிதமான சூடுதான் சரி. காயின் செல்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பெக்டின் இளகத் தொடங்குவதே 85 டிகிரி வாக்கில். அந்தச் சூடு நடுப்பகுதிவரை போய்ச் சேரும் அவகாசத்தை நாம் கொடுக்க வேண்டும்.

எல்லாக் காயையும் ஒரே குச்சியில் கோத்துவிடும் பழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. பார்க்க அழகாக இருக்கும், சாப்பிட முடியாது. தக்காளி குழையும் நேரத்தில் வெங்காயம் பாதிகூட வெந்திருக்காது. ஒவ்வொரு காய்க்கும் ஒரு குச்சி என்று வைத்துக்கொள். மூங்கில் குச்சியாக இருந்தால் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறட்டும். வெங்காயத்தை விரல் பருமனுக்கு வட்டமாக வெட்டி, பக்கவாட்டில் ஒரு குச்சியைச் செருகிவிட்டால் வளையங்கள் பிரியாமல் நிற்கும். மிதமான சூட்டில் இரண்டு பக்கமும் நிறம் வந்ததும் காலிப் பக்கத்துக்கு நகர்த்தி மூடிவிடு. காரம் எல்லாம் போய் இனிப்பாக வெந்திருக்கும்.

நீ முதலில் செய்ய வேண்டியது முழுக் கத்தரிக்காய். நல்ல பருமனாக, தோல் இறுக்கமாக இருப்பதாகப் பார்த்து எடு. காம்பை நறுக்காதே, தோலைச் சீவாதே, எண்ணெயும் வேண்டாம். உள்ளே நீராவி அடைத்து வெடிக்காமலிருக்க நாலைந்து இடத்தில் கத்திமுனையால் குத்திவிட்டு நேராகத் தணலுக்கு மேலே வை. இங்கே தோலை நாம் பாத்திரமாகப் பயன்படுத்துகிறோம். கருக வேண்டியது அதுதான். முதலில் தோலின் பளபளப்பு மங்கும். பிறகு சுருக்கம் விழும். குத்திய துளைகளில் பழுப்பு நிறச் சாறு நுரைத்துக் கொப்பளித்துக் கங்கில் சொட்டி ‘சுர்’ரென்று ஓசை எழுப்பும். இடுக்கியால் கால் வட்டம் கால் வட்டமாகத் திருப்பிக்கொண்டே இரு. எல்லாப் பக்கமும் கருத்த பிறகும் எடுத்துவிடாதே. கடைசியில் வேகும் இடம் காம்புக்குக் கீழே உள்ள கழுத்து. அங்கே இடுக்கியால் அழுத்தினால் தடையில்லாமல் அமுங்க வேண்டும், காய் முழுவதும் தொய்ந்து வலையின் மேல் படுத்துவிட வேண்டும். காயின் பருமனைப் பொறுத்து 20 நிமிடத்திலிருந்து 40 நிமிடம்வரை ஆகலாம். எடுத்து ஒரு பாத்திரத்தில் போட்டு மூடி வை. தன் ஆவியிலேயே தோல் கழன்றுவிடும். உரித்ததும் சதையைச் சல்லடையில் கொஞ்ச நேரம் வடியவிடு. பிறகு உப்பு, எலுமிச்சைச் சாறு, நசுக்கிய பூண்டு, நல்ல எண்ணெய் ஒரு கரண்டி. வேறு ஒன்றும் வேண்டாம். கருகிய தோலின் புகை உள்ளேவரை இறங்கியிருக்கும். அந்த மணத்தை எந்த மசாலாவும் தராது.

இன்னொன்று, இறைச்சியில் இல்லாத சுதந்திரம் காயில் உண்டு. இறைச்சி கொஞ்சம் அதிகமாக வெந்தால் நார் நாராகிவிடும், குறைவாக வெந்தால் உடம்புக்கு ஆகாது. காளானைப் பார். அதன் செல்சுவரில் சூட்டில் இளகாத கைட்டின் என்ற பொருள் இருப்பதால் எவ்வளவு நேரம் வைத்தாலும் அது குழைவதில்லை. தண்ணீர் வெளியேற வெளியேற ருசி கூடிக்கொண்டே போகும். பெரிய காளானைக் குழிப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்தால் சாறு அந்தக் குழியிலேயே தேங்கி வற்றும். அதில் ஒரு துளி எண்ணெயும் உப்பும் விட்டுச் சாப்பிட்டுவிட்டு எனக்கு எழுது.

சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கு நேர்மாறான பக்குவம், அதாவது குறைந்த சூடும் நிறைய நேரமும். அதற்குள் இருக்கும் ஒரு நொதி 60 முதல் 75 டிகிரி வரையிலான சூட்டில் மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றுகிறது. வேகமாகச் சூடேற்றினால் நொதி வேலை செய்வதற்குள் செயலிழந்துவிடும். தோலோடு காலிப் பக்கத்தில் வைத்து, மூடியை மூடிவிட்டு மற்ற வேலையைப் பார். ஒரு மணி நேரம்கூட ஆகட்டும், அந்த இனிப்பு தானாக ஊறி வருவது. உருளைக்கிழங்கை மட்டும் முக்கால் பதம் வேகவைத்துக்கொண்டு தணலுக்குக் கொண்டு போ. சோளக்கதிரை மடலோடு வைத்தால் உள்ளேயே அவியும், உரித்து வைத்தால் தணல் நேராகப் பட்டு நிறம் பிடிக்கும். எனக்கு முதல் பாதி மடலோடும் மறுபாதி உரித்தும் வைத்தால்தான் திருப்தி.

பன்னீர் ஒட்டிக்கொண்டு பிய்ந்துபோகிறது என்று எழுதியிருந்தாய். பன்னீர் சூட்டில் உருகாது. அமிலம் ஊற்றித் திரித்த பால் என்பதால் அதன் புரதம் சூடு ஏற ஏற இன்னும் இறுகத்தான் செய்யும். அதனால்தான் அதைத் துணிந்து கம்பி மேல் வைக்கலாம். கனமான துண்டாக வெட்டி, ஈரம் ஒற்றி, எண்ணெய் தடவி, நன்றாகச் சூடேறிய கம்பியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில். அடிப்பக்கம் நிறம் பிடித்து முறுகியதும் அதுவே கம்பியை விட்டுவிடும். அதற்கு முன்னால் கிளப்பப் பார்ப்பதால்தான் பிய்கிறது. சோயாப் பாலில் செய்யும் டோஃபுவுக்கும் இதே முறைதான். ஆனால் முதலில் கனமான எதையாவது மேலே வைத்து நீரைப் பிழிந்துவிட வேண்டும். வெல்லமோ தேனோ கலந்த பூச்சு எதுவானாலும் கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில்தான் தடவ வேண்டும். சர்க்கரை மிகச் சீக்கிரம் கருகும்.

அம்மா கேட்டாராமே, கரியில் சுட்டது உடம்புக்குக் கெடுதல் இல்லையா என்று. நியாயமான கேள்வி. இறைச்சியைக் கடும் சூட்டில் சுடும்போது உண்டாகும் சில தீய சேர்மங்களுக்குத் தசையில் உள்ள கிரியேட்டின் என்ற பொருளும் ஒரு காரணம். காயில் தசையும் இல்லை, கிரியேட்டினும் இல்லை. கொழுப்புச் சொட்டி எழும் புகையும் குறைவு. ஆனால் கிழங்குகளில் ஒரு கவனம் தேவை. மாவுச்சத்துள்ள உணவை 120 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அக்ரிலமைடு என்ற, கெடுதல் செய்யக்கூடிய சேர்மம் உண்டாகிறது என்று 2002இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். எனவே உருளைக்கிழங்கைப் பொன்னிறத்தோடு நிறுத்திக்கொள். கத்தரிக்காயின் கரியும் தோலோடு போய்விடும். பயப்பட ஒன்றுமில்லை என்று அம்மாவிடம் சொல்.

இனி, நீ எழுதத் தயங்கிய விஷயம். இறைச்சி வெந்த கம்பியிலேயே உனக்கும் சுட்டுத் தருகிறார்கள், சொன்னால் விருந்தாளிகள் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று சங்கடப்பட்டிருக்கிறாய். தாராளமாகச் சொல். உன் வீடு, உன் சாப்பாடு. முதல் அரை மணி நேரம் அடுப்பு காய்களுக்கு என்று வைத்துவிட்டால் சிக்கலே இல்லை. கம்பி சுத்தமாக இருக்கும், தணலும் புதிதாக இருக்கும். உனக்கென்று ஒரு கம்பி வலையும் ஒரு இடுக்கியும் தனியாக வாங்கிக்கொள். எண்ணெயும் மசாலாக் கலவையும் தடவும் பிரஷும் தனியாக இருக்கட்டும். எல்லோருக்கும் போதுமான அளவு சுடு. முதலில் வருவது காயாக இருந்தால் பசியோடு வந்தவர்கள் இரண்டாம் முறை கேட்டுச் சாப்பிடுவார்கள். கம்பியைத் தேய்க்க இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். உதிர்ந்த முள் உணவோடு தொண்டைக்குப் போய்ப் பலருக்குக் காயம் ஏற்பட்டிருக்கிறது. சூடான கம்பியில் பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தித் தேய்த்தால் போதும்.

மழை வந்துவிட்டது என்று அடுப்பை வீட்டுக்குள்ளோ கார் நிறுத்தும் கொட்டகைக்குள்ளோ தள்ள அண்ணனை விடாதே. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது, ஆளையே கொன்றுவிடும். அணைந்ததுபோல் தெரியும் சாம்பலுக்குள் மறுநாள்கூடக் கங்கு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில்தான் கொட்ட வேண்டும்.

அடுத்த மாதம் நாங்கள் இருவரும் அங்கே வருகிறோம். அவருக்கு அண்ணனோடு உட்கார்ந்து பேச வேண்டுமாம். அன்னாசிப்பழம் வாங்கி வை. அதைத் தணலில் வாட்டுவது எப்படி என்று எழுத்தில் சொல்வதைவிட உன் பக்கத்தில் நின்று காட்டுகிறேன். அம்மாவை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல். மகளுக்கு என் ஆசிகள்.

என்றும் அன்புடன்,
உன் தோழி