பெட்டிக்குள் பனடோல்: தேசிய உதைபந்தாட்ட அணியை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சம்மேளனத்தாருக்கும், தேசிய அணியின் முகாமையாளர், பயிற்றுநர், வைத்தியர் ஆகியோருக்கும்,

வணக்கம்.

நான் கொழும்பு கொட்டாஞ்சேனைக்காரன். பின்னேரங்களில் பதினைந்து இருபது பெடியன்களுக்குப் பந்து விளையாடச் சொல்லிக் கொடுக்கிறேன். பதவி கிடையாது, சம்பளமும் கிடையாது. ஒரு விசிலும், தோல் நைந்த ஆறு பந்துகளும் இருக்கின்றன. போன மாதம் எங்கள் பெடியன்களில் ஒருவனை வயதுப் பிரிவுத் தேசியக் குழாமுக்கான தேர்வு முகாமுக்கு அழைத்திருந்தார்கள். அன்று பின்னேரமே அவனுடைய அம்மா மைதானத்துக்கு வந்துவிட்டார். சந்தோசத்தைச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"சேர், அங்க காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் சொல்லலாமா? சொன்னால் திருப்பி அனுப்பிடுவாங்களா?"

"சொல்லத்தான் வேணும் அம்மா" என்றேன். பெடியன் அவருக்குப் பின்னால் நின்று, தலையைக் குனிந்தபடி மெல்லச் சிரித்தான். அது எதற்கான சிரிப்பு என்று எனக்கு நன்றாகவே தெரியும். 'சொல்லவே மாட்டேன்' என்ற சிரிப்பு. வருத்தத்தை ஒளித்தால், சுகாதார விதியை மீறினால் என்ன தண்டனை என்பதை முகாமுக்கு முன்பே எழுதி வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அமெரிக்க அணியின் நடுக்கள வீரர் வெஸ்டன் மெக்கென்னியின் விவகாரம் உங்களுக்கு நினைவிருக்கும். 2021 செப்டெம்பர், கட்டார் உலகக் கிண்ணத்துக்கான தகுதிகாண் சுற்று. அமெரிக்கா முதல் ஆட்டத்தில் எல் சல்வடோருடன் கோல் எதுவுமின்றிச் சமநிலை. 5ஆம் திகதி நாஷ்வில் நகரில் கனடாவுடன் ஆட்டம். வெல்ல வேண்டிய ஆட்டம், சொந்த மண், பெரிய கூட்டம். ஆனால் நடுக்களத்தில் எப்போதும் முதலில் எழுதப்படும் மெக்கென்னியின் பெயர் பட்டியலில் இல்லை. அணி விதியை மீறினார் என்பதற்கு மேல் பயிற்றுநர் கிரெக் பெர்ஹால்டர் விளக்கம் கொடுக்கவில்லை. கொவிட் விதியை மீறியதால் இடைநிறுத்தப்பட்டேன் என்று மெக்கென்னிதான் இன்ஸ்டகிராமில் எழுதி மன்னிப்புக் கேட்டார். கனடாவுடன் 1-1. அதோடு விடவில்லை; அவரை இத்தாலிக்கு, அவருடைய ஜுவென்டஸ் கழகத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். 8ஆம் திகதி ஹொண்டூராஸில் நடந்த ஆட்டத்தை அவர் இல்லாமலே 4-1 என்று வென்றார்கள்.

இவருக்கு இது முதல் தடவையும் அல்ல. அதே ஆண்டு மார்ச் கடைசி நாளில் கொவிட் கட்டுப்பாட்டை மீறி டியூரினில் தன் வீட்டில் விருந்து வைத்து, கழகத் தோழர்கள் டிபாலா, ஆர்தர் ஆகியோரோடு சேர்ந்து மாட்டிக்கொண்டார். அதே நகரத்துக் கழகமான டொரினோவுடனான ஆட்டத்துக்கு ஜுவென்டஸ் மூவரையும் சேர்க்கவில்லை. ஐந்து மாதத்தில் இரண்டு தடவை! நானாக இருந்தாலும் பெட்டியைக் கட்டச் சொல்லியிருப்பேன்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். அந்தத் தண்டனை அந்த முகாமோடு முடிந்தது. நவம்பர் 12ஆம் திகதி சின்சினாட்டியில் மெக்சிகோவை அமெரிக்கா 2-0 என்று வென்றபோது இரண்டாவது கோலை அடித்தவர் அதே மெக்கென்னி. இங்கிலாந்திலும் இப்படி ஒன்று உண்டு. 2020 செப்டெம்பரில் ஐஸ்லாந்தில் தனிமைப்படுத்தல் விதியை மீறியதற்காக பில் ஃபோடனையும் இன்னொரு இளம் வீரரையும் அடுத்த ஆட்டத்துக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பினார்கள். நவம்பரில் வெம்பிளியில் அதே ஐஸ்லாந்துக்கு எதிராக ஃபோடன் இரண்டு கோல் அடித்தார். தண்டனை உடனே வந்தது, சின்னதாக இருந்தது, சொன்ன இடத்தில் முடிந்தது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

இனி என் கதை. 1996ஆம் ஆண்டு. எங்கள் கழகம் கண்டிப் பக்கம் ஒரு சுற்றுப்போட்டிக்குப் போயிருந்தது. கழகத்தின் பெயர் வேண்டாம், அதில் இருந்தவர்கள் இன்றும் வீதியில் கண்டால் சிரிப்பவர்கள். ஒரு பாடசாலை வகுப்பறையில் மேசை கதிரைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பாய் விரித்து வரிசையாகப் படுத்தோம். முதல் நாள் விடியற்காலை எழும்பினால் என் இடது கண் ஒட்டிப் பிடித்துத் திறக்கவில்லை. கண்ணோய். யாரும் எழும்புவதற்கு முன் குழாயடிக்குப் போய்க் கழுவினேன், ஆறின சாயத்தண்ணியால் ஒற்றினேன், தொப்பியை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டேன். வலது பின்வரிசை இடத்துக்கு இன்னொருவன் காத்துக்கொண்டிருந்தான். நான் வாய் திறந்தால் அவன் உள்ளே, நான் பஸ்ஸில்.

இடைவேளையில் தோடம்பழத் துண்டு ஒரே தட்டில் வரும். முகம் துடைக்க ஒரு நீலத் துவாய். பதினாறு பேருக்கும் அது ஒன்றுதான். மூன்றாம் நாள் காலையில் ஐந்து பேரின் கண் மிளகாய்ப்பழம் போலச் சிவந்திருந்தது. எங்கள் கோல் காப்பாளர் மூலையிலிருந்து வந்த பந்தை வெயிலில் பார்க்க முடியாமல் கையை வீசினார். பந்து அவரைத் தாண்டி உள்ளே போனது. அன்று மாலை முகாமையாளர் எப்படியோ விசயத்தைப் பிடித்துவிட்டார். எல்லோருக்கும் முன்னால் கத்தித் தீர்த்தார், பஸ் காசைக் கையில் திணித்தார். இரவு பஸ்ஸில் கோட்டைக்கு வந்து இறங்கினேன்.

அவர் கத்தியதில் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு ஏன் தண்டனை என்று அவர் சொல்லவில்லை. கண்ணோய் வந்ததற்கா, அதை ஒளித்ததற்கா? பல வருசமாக வந்ததற்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகவே நான் கற்றுக்கொண்ட பாடம், அடுத்த முறை இன்னும் கெட்டித்தனமாக ஒளிக்க வேண்டும் என்பதுதான். கற்றுக்கொண்டதைச் செய்தும் இருக்கிறேன், வெட்கத்தோடு சொல்கிறேன்.

சரி, நம் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த வழக்குக்கு வருவோம். அது கிரிக்கெட்தான். என்ன செய்வது, எங்கள் பெடியன்கள் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தது அதைத்தானே. 2021 ஜூன் மாதம், இங்கிலாந்தின் டர்ஹம் நகரம். குசல் மெண்டிஸ், நிரோஷன் டிக்வெல்ல, தனுஷ்க குணதிலக்க மூவரும் கொவிட் கட்டுப்பாட்டை மீறி இரவில் வெளியே இருந்த காணொளி பரவியது. உடனே நாட்டுக்குத் திருப்பி அழைத்தார்கள். ஜூலை முடிவில் தீர்ப்பு வந்தது: சர்வதேசப் போட்டிகளில் ஓராண்டுத் தடை, உள்ளூரில் ஆறு மாதம், ஆளுக்கு ஒரு கோடி ரூபா தண்டம். 2022 ஜனவரியில் தடையை எடுத்துவிட்டார்கள். மெண்டிஸ் 2023 உலகக் கிண்ணத்தில் ஹைதராபாத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 77 பந்துகளில் 122 அடித்ததை நானும் கைதட்டிப் பார்த்தவன். அவர் திரும்பி வந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் குறை அந்த எண்ணில்தான். ஓராண்டு என்று அறிவித்தது ஆறு மாதத்துக்குள் முடிந்தது. அந்த வாரம் எங்கள் மைதானத்தில் ஒரு வாண்டு சொன்னது: "சேர், ஒரு வருசமெண்டால் அரை வருசம்தான்." மரக்கறிச் சந்தையில் விலை கேட்பது போலத்தான் அவன் அதைச் சொன்னான். ஊர் கொதிக்கும்போது பெரிதாக எழுதி, ஊர் ஆறியதும் குறைப்பதைவிட, முதலிலேயே மூன்று ஆட்டம் என்று எழுதி மூன்றையும் முழுதாக அனுபவிக்க விடுவது எவ்வளவோ மேல்.

அப்புறம், ஒரு கோடி என்பது கிரிக்கெட் கணக்கு. நம் உதைபந்தாட்டக்காரர்கள் பலர் இராணுவம், கடற்படை, பொலிஸ் என்று சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டே விளையாடுபவர்கள். மெக்கென்னி திருப்பி அனுப்பப்பட்டால் விமானம் டியூரினில் இறங்கும், அடுத்த கிழமை ஜுவென்டஸ் சம்பளம் வரும். எங்கள் ஒழுங்கைப் பெடியன் பாதி முகாமில் பையோடு வந்து இறங்கினால், சந்திக் கடையில் இருந்து வீட்டு வாசல் வரை ஏழெட்டுப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். 'நிமோனியாவா, களவா?' என்றுதான் ஊர் கேட்கும். வெளி நாட்டு அளவுகோலை அப்படியே எடுத்து வந்து இவனுக்கு வைக்காதீர்கள்.

பெரிய வீரர் என்றால் மட்டும் கண்டும் காணாமல் விடவும் வேண்டாம். 2021 நவம்பரில் கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் மாலைதீவுடன் 4-4 ஆட்டம் நடந்தபோது நான் கூட்டத்தில் நின்றேன். நம் நான்கு கோல்களையும் வசீம் ராசீக் ஒருவரே அடித்தார். எனக்கு அன்று தொண்டை கட்டிவிட்டது. அவர் ஒரு பிழையும் செய்தவர் இல்லை, அவரை உதாரணத்துக்குக்கூட இழுக்க மாட்டேன். ஆனால் அப்படிப்பட்ட ஆட்டத்துக்கு முதல் நாள் இரவு, அணியில் கோல் அடிக்கக்கூடிய ஒரே ஆள் விதியை மீறினால் என்ன செய்வீர்கள்? அன்று கூட்டத்தில் நின்ற என்னையே கேட்டால், 'நாளைக்கு விளையாடட்டும், பிறகு பார்க்கலாம்' என்றுதான் சொல்லியிருப்பேன். அதனால்தான் இதை ஆட்டத்துக்கு முதல் நாள் இரவு முடிவெடுக்க விடக்கூடாது. முகாம் தொடங்குவதற்கு முன் எழுதி வைத்திருக்க வேண்டும்.

கொவிட் போய்விட்டதே, இனி என்ன சுகாதார விதி என்று கேட்காதீர்கள். கொழும்பில் எங்களுக்கு டெங்கு இருக்கிறது. 2017இல் நாடு முழுவதும் 1,80,000க்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது. எங்கள் ஒழுங்கையில் ஆள் படுக்காத வீடு குறைவு. டெங்குக் காய்ச்சல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நேரே தொற்றாது, நுளம்பு வேண்டும். ஆகவே ஒளிப்பவன் முதலில் கெடுப்பது தன்னைத்தான். நம் வீரர்கள் முழங்கால் வலிக்கு டைக்குளோபெனக்கை மிட்டாய் மாதிரி விழுங்குவார்கள். டெங்கு இருக்கும்போது அதைப் போட்டால் இரத்தம் கசியும் ஆபத்து கூடும் என்று வைத்தியர்கள் தலைப்பாடாகச் சொல்கிறார்கள். காய்ச்சலை ஒளிக்கிற பெடியன் முழங்காலுக்கு மாத்திரை கேட்கும்போது, கொடுக்கிறவருக்கு அவன் உடம்புச் சூடு தெரியாது. இரண்டு பனடோல் போட்டால் இரண்டு மணித்தியாலத்துக்குள் நெற்றி குளிர்ந்துவிடலாம், வெப்பமானியும் சாதாரணமாகக் காட்டலாம். இந்த வித்தையை எங்கள் மைதானத்தில் பத்து வயதுப் பெடியன்களே அறிவார்கள்.

நாட்டு மருந்தும் இதில் சேர்த்திதான். 2011 கிரிக்கெட் உலகக் கிண்ணத்தின்போது நம் வீரர் உபுல் தரங்கவின் பரிசோதனையில் தடைசெய்யப்பட்ட பொருள் தென்பட்டது. தோள் வலிக்கு எடுத்த மூலிகை மருந்தால் வந்தது. வேண்டுமென்று செய்யவில்லை என்று ஏற்றுக்கொண்டும் மூன்று மாதம் தடை போட்டார்கள். எங்கள் வீடுகளில் கசாயமும் எண்ணெயும் இல்லாத அலுமாரி ஏது? 'அணி வைத்தியரைக் கேட்காமல் எதையும் குடிக்காதே' என்பதை ஒருவர் இந்தப் பெடியன்களுக்கு அவர்கள் பாஷையில் சொல்ல வேண்டும்.

பாஷை என்றதும் ஒன்று. மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு முகாமில் யாராவது பக்கத்தில் இருப்பவன் மொழிபெயர்த்துச் சொல்வதுதான் விதி என்றால், அது விதியாகாது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே ஒரு பக்கம் போதும். சட்டத்தரணித் தமிழ் வேண்டாம், அம்மா வாசித்து விளங்க வேண்டும்.

அந்தப் பக்கத்தில் நான் பார்க்க ஆசைப்படுவது இவ்வளவுதான். வருத்தம் வந்தால் யாரிடம், எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும். சொன்னவனின் இடம் குழாமில் இருக்கும், அவன் படிக்காசும் வெட்டப்படாது, குணமானதும் அவனை மறுபடி பார்ப்பீர்கள். வைத்தியரிடம் சொன்னது தேர்வாளர் காதுக்குப் போகும்போது 'விளையாடலாம், விளையாட முடியாது' என்ற அளவில் மட்டும் போகும். ஒளித்தால் எத்தனை ஆட்டம், இரண்டாம் தடவை ஒளித்தால் எத்தனை. முடிவு எடுப்பதற்கு முன் அவன் சொல்வதைக் கேட்க ஒரு பத்து நிமிடம். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெயர் ஊடகத்துக்குப் போகக்கூடாது. வீட்டுக்குத்தான் முதலில் தொலைபேசி எடுக்க வேண்டும். ஹோட்டலை விட்டு இரவில் நழுவியவனையும், காய்ச்சலைப் பயத்தில் ஒளித்தவனையும் ஒரே தராசில் போடாதீர்கள். முன்னவன் ஆசையில் போனவன். பின்னவனை ஒளிக்க வைத்தது நீங்களாகவும் இருக்கலாம்.

முகாமுக்குப் போகும் அந்தப் பெடியனின் பையை நேற்று அவன் அம்மா என் முன்னால் திறந்து காட்டினார். இரண்டு காற்சட்டை, பொலித்தீனில் சுற்றிய சப்பாத்து, பிஸ்கட் பைக்கற்று, கடைசியில் இரண்டு அட்டைப் பனடோல். ஒரு அட்டையை எடுத்து வெளியே வைத்தேன். அவர் அதை மறுபடி உள்ளே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திங்கட்கிழமை முகாம் தொடங்குகிறது. அதற்குள் உங்களிடமிருந்து ஒரு பக்கம் வந்தால், அவரிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து
ஒரு பழைய வலது பின்வரிசைக்காரன்